பதிவேடும் பட்டறையும்: இந்தியச் செயற்கை உறுப்புப் பொருத்துநர் பதிவுச் சட்டத்தின் வரலாறு

முன்னுரை

இந்திய நாடாளுமன்றம் 1992இல் இயற்றிய இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், ‘மறுவாழ்வு நிபுணர்’ என்னும் தொடருக்குள் பதினாறு வகையினரை நிரல்படுத்துகிறது. அப்பட்டியலின் கடைப்பகுதியில் இடம்பெறுவோர் புராஸ்தடிஸ்ட், ஆர்த்தடிஸ்ட் என்னும் இரு பிரிவினர். இழந்த கை, கால்களுக்கு ஈடாகச் செயற்கை உறுப்புகளைப் பொருத்துவோர் முன்னவர். வலுவிழந்த உறுப்புகளுக்குக் காலிப்பர், முதுகுப் பட்டை முதலிய தாங்கு கருவிகளைப் பொருத்துவோர் பின்னவர். இத்தொழிலைச் சட்டப் பதிவுக்குள் கொண்டுவந்தபோது பதிவேட்டின் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டறை வழிவந்த தொழில்

இந்தியாவில் செயற்கை உறுப்புத் தொழில் நிறுவன வடிவம் பெறுவதற்குப் போரே முதற்காரணம். இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்த படைவீரர்களுக்காக 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு மையம் நிறுவப்பட்டது. குடிமக்களுக்கான முயற்சிகள் சற்றுப் பின்னரே தோன்றின. மும்பையில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பெற்றது. உறுப்புகளையும் உதிரிப் பாகங்களையும் பெருமளவில் உற்பத்தி செய்யும் பொதுத்துறை நிறுவனமாகிய ஆலிம்கோ 1972இல் கான்பூரில் பதிவு செய்யப்பட்டது. கொல்கத்தாவிலும் ஒடிசாவின் ஓலட்பூரிலும் அமைந்த தேசிய நிறுவனங்கள் பயிற்சிப் பணியை மேற்கொண்டன.

எனினும் இத்தொழிலின் புகழ்பெற்ற படைப்பு இவ்வரிசைக்கு வெளியே பிறந்தது. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் தொழுநோயாளருக்குக் கைவினை கற்பித்துவந்த ராம் சந்திர சர்மா, எலும்பியல் அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியுடன் இணைந்து 1960களின் இறுதியில் உருவாக்கியதே ஜெய்ப்பூர் கால். சர்மா முறைசார் கல்வி மிகக் குறைவாகவே பெற்ற மரபுவழிக் கைவினைஞர். மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. நாற்காலியில் அமர்வோருக்கு அது போதுமானது. சம்மணமிட்டு உண்பவருக்கும், குந்தி அமர்பவருக்கும், சேற்று வயலில் வெறுங்காலுடன் நடப்பவருக்கும் அது பயன்படவில்லை. ரப்பரை அச்சிலிட்டு வெப்பத்தால் இறுக்கும் வல்கனைசிங் முறை, டயர் பழுதுபார்க்கும் கடைகளில் அன்றாடம் நிகழ்வது. அம்முறையையே பாதத்திற்குப் பயன்படுத்தியதில்தான் சர்மாவின் நுண்மாண் நுழைபுலம் வெளிப்பட்டது. 1981இல் மகசேசே விருது சேத்திக்கு வழங்கப்பட்டது. கைவினைஞரின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை என்பது இவ்வரலாற்றில் கருதத்தக்கது.

1975இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இக்காலை இலவசமாக வழங்கிப் பரப்பியது. அளவெடுத்தல், அலுமினியத்தை அடித்து வடிவாக்குதல், பொருத்தி நடக்கவைத்துச் சரிபார்த்தல் ஆகிய அனைத்தையும் அங்குக் கைவினைஞரே செய்தனர். 1970இல் நிறுவப்பட்ட பன்னாட்டுச் செயற்கை உறுப்பு, தாங்கு கருவிச் சங்கமோ இத்தொழிலாளரை மூன்று படிநிலைகளாக வகுத்தது. பட்டம் பெற்றவர் முதற்படியினர். பட்டயப் பயிற்சி பெற்றவர் இரண்டாம் படியினர். பட்டறை மேசையில் கருவி செய்பவர் மூன்றாம் படியினர். மூன்றாம் படியினர் நோயாளிக்கு நேரடியாகப் பொருத்துதல் கூடாது. ஜெய்ப்பூர்க் கைவினைஞரின் ஒருநாள் பணி இம்மூன்று படிகளையும் கடந்து நின்றது.

சட்டமும் தகுதியும்

பயிற்சிகள் ஒரு சீரான பாடத்திட்டமின்றி நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்ட நிலையில், 1986இல் மறுவாழ்வு கவுன்சில் பதிவுபெற்ற சங்கமாகத் தோற்றுவிக்கப்பட்டது. சங்கத்திற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அக்குறையை நீக்கவே 1992ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1993 ஜூன் 22 அன்று கவுன்சில் சட்டமுறை அமைப்பாயிற்று.

ஒழுங்குமுறைக்கான தேவை கற்பனையானதன்று. எஞ்சிய காலைத் தாங்கும் சாக்கெட் சிறிது பிசகினாலும் தோல் புண்ணாகும். நீரிழிவாலோ தொழுநோயாலோ உணர்ச்சி இழந்த காலில் வலி எச்சரிக்காது. புண் ஆழ்ந்த பின்னரே தெரியவரும். காலின் நேர்கோடு பிறழ்ந்தால் முழங்காலும் இடுப்பும் ஆண்டுக்கணக்கில் தேயும். கருவியைப் பெறும் நாளில் அதன் குறையைப் பயனாளியால் அறிய இயலாது என்பதே உரிமத்திற்கான வலிமையான நியாயம்.

சட்டத்தின் 13ஆம் பிரிவு இந்நியாயத்தைக் கடுமையான சொற்களில் வடித்தது. ஏற்கப்பட்ட தகுதி பெற்றுப் பதிவேட்டில் இடம்பெறாத எவரும் அரசுப் பதவி வகிக்கவோ, இந்தியாவில் எங்கும் தொழில் நடத்தவோ, சான்றிதழில் ஒப்பமிடவோ, நீதிமன்றத்தில் வல்லுநர் சாட்சியம் அளிக்கவோ இயலாது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பே தொழிலில் இருந்தவர்களுக்கு ஆறு மாத இடைக்காலம் தரப்பட்டது. ஆனால் ஏற்கப்பட்ட கல்வித்தகுதி உடையோருக்கு மட்டுமே. இருபது ஆண்டுகள் கால் செய்து பொருத்திய பட்டறைக் கைவினைஞரைப் பற்றி அவ்விடைக்கால விதி பேசவில்லை.

பழைய சட்டங்களின் இரண்டாம் வாயில்

இம்மௌனம் இந்தியச் சட்ட மரபில் தவிர்க்கவியலாத ஒன்றன்று. 1948ஆம் ஆண்டுப் பல்மருத்துவர் சட்டம் பதிவேட்டை ‘அ’, ‘ஆ’ என இரு பகுதிகளாக்கியது. பட்டமின்றிப் பல்மருத்துவத்தையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டு குறைந்தது ஐந்தாண்டுகள் தொழில் நடத்தியோரை இரண்டாம் பகுதி ஏற்றது. அதே ஆண்டின் மருந்தாளுநர் சட்டமும், முதற்பதிவேட்டில் மருந்து கலந்து கொடுத்த அனுபவத்தைத் தகுதியாகக் கொண்டது. அவ்வாயில் ஒரு தலைமுறைக்கு மட்டும் திறந்திருந்து பின்னர் தானே அடைபடும். வருங்காலத் தரமும் குறையாது, இருப்போர் குற்றவாளிகளாகவும் மாட்டார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டம் அம்முன்மாதிரியைக் கையாளவில்லை.

பிற்காலத்தில் கவுன்சில் பயிற்சியின்றிப் பணியில் இருந்தோருக்கு இணைப்புப் படிப்பு நடத்தியது. பதிவேட்டிலும் ‘நிபுணர்’, ‘பணியாளர்’ என்னும் வேறுபாடு அமைந்தது. சட்டம் செய்யாததை நிர்வாகம் ஓரளவு செய்தது எனலாம். ஆயினும் படிப்பில் சேர்வதற்கே எழுத்தறிவும் விடுப்பும் தேவை. அலுமினியம் அடிக்கும் கைகளுக்கு அவை இரண்டும் எளிதில் வாய்ப்பதில்லை.

பெயரும் செயலும்

மற்றொரு சிக்கல் சட்டத்தின் சொல்லமைப்பில் உள்ளது. அது நிபுணர்களைப் பெயரால் பட்டியலிடுகிறதேயன்றி, எச்செயல் இத்தொழில் ஆகும் என்பதை வரையறுக்கவில்லை. அளவெடுப்பதா, அச்சு வார்ப்பதா, நடையைச் சரிசெய்வதா? கடையில் காலிப்பர் விற்பவர் அதனைக் கட்டியும் விட்டால் அவர் வணிகரா, பதிவின்றித் தொழில் நடத்துபவரா? கவுன்சிலின் அதிகாரம் பெற்றவர் எழுத்து மூலம் முறையிட்டாலன்றி எந்த நீதிமன்றமும் குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாகாது என்பதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. பொருந்தாத காலால் புண்பட்டவர் இச்சட்டத்தின்கீழ்த் தாமே நீதிமன்றம் செல்ல இயலாது.

மறுவாழ்வுக் குழுவில் செயற்கை உறுப்புப் பொருத்துநருடன் ஒரே அறையில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர் இச்சட்டத்திற்குள் வரவில்லை. அவருக்கான மத்தியச் சட்டம் 2021இல்தான் வந்தது. ஆக, ஏறத்தாழ முப்பதாண்டுகள் காலைப் பொருத்துவதற்கு மத்தியச் சட்டப்படி பதிவு தேவைப்பட்டது. அக்காலால் நடக்கப் பயிற்றுவதற்கு அத்தகைய பதிவு தேவைப்படவில்லை. சேத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வுரையில், வளரும் நாடுகளுக்கான தொழில்நுட்பம் அந்நாட்டு மக்களின் வாழ்முறையிலிருந்தும் கைவினைத் திறனிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என வாதிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் இயற்றப்பட்ட சட்டத்தின் பதினாறு வகைகளுள் பட்டறை மேலாளருக்கும் இடமுண்டு. ஏற்கப்பட்ட தகுதியின்றி ராம் சந்திர சர்மா போன்றோர் அவற்றுள் எதன்கீழும் பதிவு பெற்றிருக்க இயலாது.