கோட்டை வாசலில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை

திருகோணமலைக் கோட்டைக்குள் போகாத ஆட்கள் நம் ஊர்களில் குறைவு. போய் வந்தவர்களிடம் கேட்டால் மான்கள், கோணேசர் கோயில், இராவணன் வெட்டு என்று மூன்றோடு கதை முடிந்துவிடும். கோட்டையைப் பற்றிக் கேட்டால் "அது ஆமிக் காம்ப்தானே" என்பார்கள்.

அண்மையில் நாங்கள் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். அவர்களுக்குச் சொன்னதைப் பெற்றோரும் அறிய வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறோம்.

அது இராணுவ முகாம் என்பது உண்மைதான். கோயிலுக்குப் போகும் பாதையில் தாராளமாக நடக்கலாம். படையினர் இருக்கும் பக்கம் போகக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருந்தது. ஆனால் கட்டிய காலத்திலிருந்தே அது ஆயுதக்காரர்களின் இடம்தான்.

கட்டியவர்கள் போர்த்துக்கேயர். அவர்களின் தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா, மலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்து 1624 அளவில் கோட்டையை எழுப்பினான். வாசலில் நின்று பாருங்கள். மேலே பிரித்தானிய அரச முத்திரை இருக்கும். வாசற்கல்லில் பழைய தமிழ்க் கல்வெட்டும் இரட்டைக் கயல் அடையாளமும் இருக்கும். இடித்தவனுடைய சுவரே இடிக்கப்பட்டதற்குச் சாட்சியாக நிற்கிறது. 1956 இல் மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க் ஆகியோர் மலையடியில் சுழியோடியபோது கோயிலின் தூண்களைக் கடலுக்குள்ளும் கண்டார்கள்.

இது தமிழ்ச் சகோதரர்களின் கதை, நமக்கென்ன என்று ஒரு பிள்ளை நினைக்கலாம். அங்கேதான் நாங்கள் கொஞ்சம் நின்று பேசினோம்.

அதே டி சா ஆட்சியில்தான், இரண்டு வருடம் கழித்து 1626 இல், போர்த்துக்கேயரின் கையிலிருந்த கரையோர ஊர்களிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த துறைகளை விட்டுவிட்டுக் கண்டி இராச்சியத்துக்குள் போனார்கள். மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இதை எழுதி வைத்தவர் நம்மவர் அல்ல, குவேரோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். கிழக்கில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனால் அந்த 4,000 பேரின் வம்சமும் இந்த மண்ணில் கலந்திருக்கிறது.

பாடத்தில் கோயில் இடிப்பு ஒரு பக்கம், முஸ்லிம்களின் வெளியேற்றம் இன்னொரு பக்கம். ஒரு சமூகம் ஒன்றை நினைவு வைத்திருக்கிறது, மற்றச் சமூகம் மற்றதை. இரண்டையும் செய்தது ஒரே கை. கோட்டை வாசலில் நிற்கும்போது இது விளங்கும், வகுப்பறையில் அவ்வளவாக விளங்காது. டி சாவும் 1630 இல் ரந்தெனிவெலயில் கண்டிப் படையிடம் தோற்று மாண்டான்.

பிறகு வந்தவர்களின் கணக்கு நீளம். 1639 இல் ஒல்லாந்தர் கண்டியுடன் சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். 1782 இல் ஒரே வருடத்தில் மூன்று கொடிகள்: ஒல்லாந்தரிடமிருந்து ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தான். திரும்பவும் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795 இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தது. 1803 இல் பிரட்ரிக் கோட்டை என்று தங்கள் இளவரசன் ஒருவரின் பெயரை வைத்தார்கள்.

ஏன் இவ்வளவு சண்டை? மலையிலிருந்து பார்த்தால் பதில் தெரியும். வாடைக் காற்றுக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையில் போர்க்கப்பல்கள் பாதுகாப்பாக ஒதுங்க நல்ல இடமில்லை. நமது துறைமுகத்தில் எந்தக் காற்றுக் காலத்திலும் ஒதுங்கலாம். வங்காள விரிகுடாவில் கப்பல் வைத்திருந்த ஒவ்வொருவனும் இதற்கு ஆசைப்பட்டான். மூதூர், கிண்ணியாவில் தோணி விட்டுப் பிழைத்த நம் மூதாதையரிடம் எவனும் கேட்கவில்லை.

பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். பெரியவர்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் வணக்கத்துக்குப் போகிறவர்கள், அந்த மரியாதையோடு நடக்கச் சொல்லுங்கள். மானுக்குத் தீனி கொடுப்பதற்கு முன் வாசற்கல்லைக் காட்டுங்கள்.

இன்னொன்று. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. டொக்யார்ட்டில் வேலை செய்த வாப்பாமார், அப்பாமார் எத்தனையோ பேர். அந்தக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கோட்டையைப் பிடித்தவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அங்கே வேலை செய்த நம்மவர்களின் பெயர்களை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.