எஞ்சின் சோதனை விளக்கு

எஞ்சின் சோதனை விளக்கு என்பது, மகிழுந்தின் புகை வெளியேற்றத்தைப் பாதிக்கும் பழுதை எஞ்சின் கணினி உணரும்போது ஒளிரும் மஞ்சள் நிற விளக்கு ஆகும். இந்தியாவில் பாரத் நிலை 4 மகிழுந்துகளுக்கு இரண்டாம் கட்டத் தற்கண்காணிப்பு முறை (ஓபிடி 2) 2013 ஏப்ரலில் கட்டாயமானது.

பழுதறிதல்

16 முனை இணைப்பியில் ஸ்கேனரைப் பொருத்திப் பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம். குறியீடு அறிகுறியையே காட்டும். மாற்றவேண்டிய உறுப்பை அன்று. எடுத்துக்காட்டாக, பி0301 என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறியதைக் குறிக்கும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். முதலிரு சிலிண்டர்களின் காயில்களை இடம்மாற்றியபின் பி0302 தோன்றினால் காயிலே பழுதாகும். பேட்டரியைக் கழற்றினால் குறியீடு அழியக்கூடும், பழுது நீங்காது.

சிமிட்டும் விளக்கு

விளக்கு சிமிட்டினால், எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றியைச் சிதைக்கக்கூடும். திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலை போன்ற விரைவான சாலைகளில் இவ்வாறு நேர்ந்தால், வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துதல் வேண்டும்.