காற்றுப்பை சுருங்கிய மீன்களும் பாலக்காட்டுக் கணவாயும்

சென்னை ராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன், தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றிய தம் கட்டுரையில், 1849இல், வாளையார்க் காட்டு ஓடைகளில் கிடைத்த ஒரு சிறு மீனை விவரித்தார். விரல் நீளமே உள்ள மீன். தலையும் வயிறும் தட்டையானவை. மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும் விசிறிபோல் இருபுறமும் படுக்கையாக விரிந்திருக்கும். பாறையில் அப்பிக்கொண்டு, பாய்ந்து வரும் நீரைத் தலைக்குமேல் போகவிட்டு வாழ்வது அதன் இயல்பு. அதற்கு அவர் இட்ட பெயர் பிளாட்டிகாரா ஆஸ்திராலிஸ். 1920இல் சுந்தர்லால் ஹோரா அதனைத் தனிப் பேரினமாகப் பிரித்து, பவானி ஆற்றின் பெயரால் பவானியா என்று அழைத்தார். இம்மீனின் உடலுக்குள் ஏறக்குறைய இல்லாமற்போன ஓர் உறுப்பு, அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியத் துணைக்கண்டத்தின் நிலவரலாறு பற்றிய பெரும் விவாதத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்த உறுப்பு காற்றுப்பை.

காற்றுப்பையின் வேலை எளிதில் சொல்லிவிடக்கூடியதே. மீனின் தசையும் எலும்பும் நீரைவிடக் கனமானவை. நன்னீரில் மூழ்காமலும் மேலெழாமலும் நிற்க வேண்டுமானால், உடற்பருமனில் ஏறக்குறைய 7 விழுக்காடு வாயுவாக இருக்க வேண்டும். உப்புநீர் அடர்த்தி மிக்கதாதலால் கடல்மீனுக்கு 5 விழுக்காடு போதும். 17ஆம் நூற்றாண்டில் பொரெல்லி இதனை மிதப்புக் கருவியாக விளக்கினார். 1820இல் எர்ன்ஸ்ட் வேபர், கெண்டை, கெளுத்தி, அயிரை முதலிய மீன்களில் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புத் தொடரைக் கண்டறிந்து விவரித்தார். ஒலியால் பை அதிர, அந்த அதிர்வு எலும்புகளின் வழியே செவியை அடைகிறது. ஆகவே இம்மீன்களுக்குக் காற்றுப்பை மிதவை மட்டுமன்று, செவிப்பறை போன்றதும் ஆகும்.

தமிழகக் கடற்கரையில் கூறல் மீனின் காற்றுப்பையை நெட்டி என்பர். உலர்த்தி ஏற்றுமதி செய்யப்படும் விலைமிக்க பண்டம் அது. குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் தக்கையும் அதே பெயருடையது, அதுவும் மிதப்பது. இந்தப் பெயரொற்றுமை தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆனால் மலையோடையில் மிதப்பது ஆபத்து. கொல்லங்கோட்டுக்கு மேலே நெல்லியாம்பதியின் செங்குத்தான சரிவில் சீதார்குண்டு அருவி விழும் விதத்தைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். அங்கே நீரில் தொங்கி நிற்கும் மீன் அடுத்த கணமே பள்ளத்தாக்கில் இருக்கும். கனமாக இருப்பதும் கல்லைப் பற்றுவதுமே பிழைக்கும் வழி. பவானியாவின் குடும்பத்து மீன்களில் காற்றுப்பையின் பின்பகுதி பெரிதும் குறுகிவிட்டது. முன்பகுதி இரு சிறு அறைகளாகி எலும்புக்கூட்டுக்குள் அடைபட்டுள்ளது. மிதப்பைக் கைவிட்ட இம்மீன் செவியைக் கைவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உறுப்பு முழுவதும் அழியாமல் எலும்புறைக்குள் எஞ்சியதற்கு இதுவே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

பஞ்சாபில் பிறந்து இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றி, 1947இல் அதன் இயக்குநரான ஹோரா (1896–1955), இத்தகைய தகவமைப்புகளையே தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டவர். மலையாற்று மீன்களின் உடலமைப்பு மாற்றங்களை 1922இல் விரிவாக எழுதினார். 1930இல் ராயல் சொசைட்டியின் இதழில் பற்றுறுப்புகள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. இதிலிருந்து அவர் நிலவியலுக்குத் தாவினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவி மீன்களுக்கு உறவினர் கிழக்கு இமயத்திலும் மலேயாவிலும் உள்ளனர். இடைப்பட்ட சமவெளிகளில் இல்லை. நீந்தி மிதக்க இயலாத, வேகநீரில் மட்டுமே வாழப் பழகிய மீன் சமவெளியின் மந்தமான ஆறுகளைக் கடந்திருக்க முடியாது. எனவே, ஒரு காலத்தில் அசாமிலிருந்து விந்திய–சத்புரா மலைகளின் வழியாகத் தொடர்ந்த அருவிப் பாதை இருந்திருக்க வேண்டும். இன்று கங்கை கடலை நோக்கித் திரும்பும் காரோ–ராஜ்மகால் இடைவெளி அப்போது திறந்திருக்கவில்லை. 1944இல் இந்த இடைவெளியின் காலம் பற்றித் தனியே எழுதினார். 1949இல் இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் சத்புரா கருதுகோள் பற்றிய கருத்தரங்கே வெளியாயிற்று. சலீம் அலி பறவைகளின் தரப்பிலிருந்து அதில் எழுதினார்.

இந்தத் தருக்கத்தைச் சோதிக்கக் காரோ–ராஜ்மகால் வரை போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயே போதும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள இந்தத் தாழ்நிலத்தின் வடவிளிம்பில் வாளையார், தென்விளிம்பில் கொல்லங்கோடு. வாளையார் நீர் கல்பாத்திப்புழையில் சேர்கிறது. கல்பாத்திப்புழை பறளியில் சித்தூர்ப்புழையோடு கலந்து பாரதப்புழையாகிறது. கொல்லங்கோட்டின் ஓடைகளை ஏந்தும் காயத்ரிப்புழை, இன்னும் கீழே மாயன்னூரில்தான் பாரதப்புழையை அடைகிறது. ஆகவே ஒரு மீன் நீர்வழியே வாளையாரிலிருந்து நெல்லியாம்பதிக்குச் செல்ல வேண்டுமானால், மணற்படுகையில் மெல்ல நகரும் நிளையில் மாயன்னூர் வரை இறங்கி, மீண்டும் காயத்ரியில் ஏற வேண்டும். ஹோராவின் வாதப்படி இது நடவாத பயணம். எனினும் பவானியா கணவாயின் இருபுறத்து மலைகளிலும் வாழ்கிறது! (வாளை ஓர் மீன், கொல்லங்கோட்டுக்கு அருகே மீன்கரை அணையும் இருக்கிறது. ஊர்ப்பெயர்களிலிருந்து மீன் வரலாறு எழுதும் ஆசை யாருக்கும் வரலாம். பழைய வடிவங்கள் கிடைக்காதவரை அதைத் தவிர்ப்பதே நன்று.)

இப்பகுதியின் மீன்களை ஹோராவின் கேள்வியோடு அணுகியவர் ஈ. ஜி. சைலஸ். ஆனைமலை, நெல்லியாம்பதி மலைத்தொடர்களில் திரட்டப்பட்ட மீன்களையும் அவற்றின் விலங்குப் புவியியல் முக்கியத்துவத்தையும் பற்றிய அவருடைய கட்டுரை 1951இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. கொல்லங்கோடு மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த காலம் அது. 1952இல் மலேயத் தொடர்புடையவை எனப்பட்ட தீபகற்ப மீன்கள் உண்மையில் எந்த அளவு வேறுபட்டுள்ளன என்பதை ஒவ்வொன்றாக மதிப்பிட்டார். அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே ‘மலேயத் தொடர்புடையவை எனப்படும்’ என்ற எச்சரிக்கைச் சொல் இடம்பெற்றது. ஹோராவின் கருதுகோளை வளர்க்க வந்த ஆய்வே அதன் சொற்களை ஐயத்தோடு கையாண்டது என்பது அந்தத் தலைமுறையின் நேர்மையைக் காட்டுகிறது. சைலஸ் பிற்காலத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். மலையோடை ஆய்வு அவருடைய இளமைக்காலப் பணி.

கருதுகோளின் வலுவற்ற இடம் எது? தமிழர் எவரும் அறிந்த அயிரையே அதற்குச் சான்று. அயிரையின் காற்றுப்பையும் எலும்புறைக்குள் அடைபட்டதே. ஆனால் அது அருவி மீனன்று. வயல் வாய்க்காலிலும் மணற்பாங்கான ஓடையிலும் அடியில் ஊர்ந்து வாழ்வது. சுருங்கிய காற்றுப்பை தரையோடு தரையாக வாழும் வாழ்க்கையைக் காட்டுகிறதேயன்றி, வேகநீரைக் கட்டாயமாகக் காட்டவில்லை. அருவி மீனால் சமவெளியைக் கடக்க இயலாது என்ற முடிவுக்கு உயிர்வளித் தேவை, வெப்பநிலை, பற்றுவதற்கான கல் ஆகிய வேறு காரணங்கள் வேண்டும். காற்றுப்பை மட்டும் அந்தச் சுமையைத் தாங்காது.

இன்னொரு முரண் ஹோராவுக்குள்ளேயே இருந்தது. ஒரே வகைச் சூழல் வெவ்வேறு மீன்களில் ஒரே வகை உடலமைப்பை உருவாக்குகிறது என்பதை 1922இலும் 1930இலும் மிகத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அவரே. அப்படியானால் இரு மலைகளில் உள்ள ஒத்த உருவங்கள் உறவினராகவும் இருக்கலாம். தனித்தனியே ஒரே வடிவத்தை அடைந்தவையாகவும் இருக்கலாம். பிரவீண் கரந்த் 2003இல் கரண்ட் சயன்ஸ் இதழில் வற்புறுத்தியது இதுதான்: உறவா ஒப்புமையா என்பதை மரபுவழி மர ஆய்வால் முதலில் தீர்மானித்த பிறகே பாதையைத் தேட வேண்டும். வகைப்பாடும் இதற்கிடையே நகர்ந்துவிட்டது. ஆனைமலையிலிருந்து 1945இல் ஆல்பர்ட் ஹெர் விவரித்த ஹோமலோப்டெரா மொன்டானா, தென்கிழக்காசியப் பேரினம் ஒன்றின் மேற்குமலைக் கிளையாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1981இல் அமைதிப் பள்ளத்தாக்கிலிருந்து விவரிக்கப்பட்ட ஹோமலோப்டெரா பிள்ளையீயும் அவ்வாறே. 2015இல் இவை கட்சா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டன. உறவு இல்லையென்று இதனால் ஆகிவிடாது; ஒரே பேரினப் பெயர் இரு நாடுகளையும் இணைத்துத் தந்த உறுதி மட்டும் போய்விட்டது.

கட்சாவின் சில இனங்கள் கணவாய்க்குத் தெற்கே, சில வடக்கே. பவானியா இருபுறமும். ஒரே தடை ஒரு பேரினத்தை இரண்டாகப் பிரித்தது. மற்றொன்றைப் பிரித்ததா என்பது உருவத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. நெல்லியாம்பதி ஓடையிலும் வாளையார் ஓடையிலும் பிடிக்கப்பட்ட பவானியாக்களின் மரபணுக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே அதற்குரிய வழி. இன்று வாளையாரிலும் மலம்புழையிலும் மீன்கரையிலும் சுள்ளியாற்றிலும் அணைகள் நிற்கின்றன. ஓடைகளின் கீழ்ப்பகுதி தேங்குநீராகிவிட்டது. ஜெர்டன் கண்ட மீன் அணைகளுக்கு மேலுள்ள கல்லோடைகளில் இன்னும் பாறையைப் பற்றியிருக்கிறது.