ஐஸ் ஹவுஸ்: ஒரு கடற்கரை மாளிகையின் வரலாறு

சென்னைக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், திருவல்லிக்கேணியில் வளைந்த முகப்புடன் கடலை நோக்கி நிற்கும் பழம் மாளிகையொன்றைக் காணலாம். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆயினும் மக்கள் நாவில் அது 'ஐஸ் ஹவுஸ்' தான். அப்பெயரின் வரலாறு நம் இளைஞர் அறியத்தக்கது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர். அச்சரக்கைச் சேமிக்க 1842ஆம் ஆண்டில் எழுந்ததே இக்கட்டடம். வெப்பம் புகாதிருக்கச் சுவர்கள் தடித்தவையாய் அமைந்தன. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகமில்லை. கப்பல்கள் கடலில் நிற்க, சரக்குகள் மசூலாப் படகுகளில் அலை கடந்து கரையேறின. வெள்ளையர் மேசைக்குக் குளிர்ச்சி தந்த அப்பாரத்தைச் சுமந்தோர் யாவர் என்பதை உடைமைப் பத்திரங்கள் உரைப்பதில்லை.

நீராவி முறையில் பனிக்கட்டி செய்யும் வழி பிறந்ததும் இவ்வணிகம் நலிந்தது. மாளிகையை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்துக் குடியிருப்பாக்கி, நண்பரான நீதிபதி கெர்னன் பெயரால் 'காசில் கெர்னன்' என்றழைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்குத் தங்கினார். அவ்வாண்டே இராமகிருஷ்ண மடமும் இங்குத் தொடங்கிற்று. ஐயங்காருக்குப் பின் மாளிகை ஏலம் போகவே, மடம் மயிலாப்பூருக்கு இடம்பெயர்ந்தது.

1917இல் அரசு இம்மாளிகையைப் பெற்றது. தாமே இளமையில் கைம்மை எய்திய சகோதரி சுப்பலட்சுமி, பிராமணக் குலத்து இளங்கைம்பெண்களை இங்குத் தங்கவைத்துக் கல்வி புகட்டினார். மூலையில் முடங்குமாறு விதிக்கப்பட்ட சிறுமியர் ஆசிரியைகளாக வெளிவந்தனர். அது பெருஞ்செயல், ஐயமில்லை. எனினும் அரசுக்குரிய கட்டடத்தில் அவ்விடுதி ஒரு குலத்தாருக்கென்றே இருந்ததை நாம் மறத்தல் ஆகாது. உறைவிடமும் உணவும் கிடைத்தால் எக்குழந்தையும் கற்கும் என்பதற்கு அம்மாளிகையே சான்று. அவ்வாய்ப்பு நம் பெண்மக்களுக்கும் அன்றே கிடைத்திருப்பின் எத்தனை தலைமுறை முந்தியிருப்போம்!

1963இல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி, மாளிகைக்கு இன்றைய பெயர் சூட்டப்பெற்றது. 1997இல் அரசு அதனை இராமகிருஷ்ண மடத்திற்குக் குத்தகைக்கு அளித்தது. பனிக்கட்டி காத்த கூடங்களில் பின்னர்க் கண்காட்சி அமைந்தது.

இளைஞர்களே! பழங்கட்டடம் ஒன்றைக் காணும்போது, உடையவர் யார் என வினவுவதோடு நில்லாதீர். சுமந்தவர் யார், கதவு யாருக்குத் திறந்தது என்றும் வினவுங்கள். நாளை நம் சங்கத்தின் வரலாற்றை நீங்கள் எழுதுங்கால், நன்கொடையாளர் பெயருக்கு அருகே, கல்லும் மண்ணும் சுமந்த நம் அன்னையர் பெயரையும் பொறித்திடுங்கள்.