ஏழு கையொப்பங்கள்: சங்கம் அமைத்தலும் சட்டமும்

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டு மனம் பொறாத செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முதல் முயற்சி எடுத்தார்கள். பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். முறையாக அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று வரலாறு எழுதுவோர் இதைச் சுட்டுவது வழக்கம்.

அந்தச் சங்கத்தைத் தடுக்க அன்று சட்டம் இல்லை; காக்கவும் சட்டம் இல்லை. காக்கும் சட்டம் இல்லாததன் விலை 1920இல் தெரிந்தது. தகராறு முற்றி ஆலையில் கதவடைப்பு வந்தபோது, ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. தடையாணை வந்தது, பெருந்தொகை இழப்பீடும் கேட்கப்பட்டது. முடிவில், வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற உடன்பாட்டின் பேரில் வழக்கு ஓய்ந்தது. தொழிலாளர் கூடிய கூட்டத்தைக் கலைக்க முடியாத நிர்வாகம், அதன் தலைவரை ஒரு வழக்கினால் கழற்றிவிட்டது.

இங்கிலாந்திலும் இதே கதை முன்பே நடந்திருந்தது. 1901இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்தத்தால் நேர்ந்த நட்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்க நிதியிலிருந்து 23,000 பவுன் போயிற்று. அதன் பின்பே 1906இல் அங்கே பாதுகாப்புச் சட்டம் வந்தது. சென்னை வழக்கின் சூடு ஆறுமுன், 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பதிவும் பாதுகாப்பும் வேண்டித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பிறப்புக் கதையை மனத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தச் சட்டம் விளங்கும். சங்கம் வைக்க அனுமதி தருவதற்காக அது எழுதப்படவில்லை. சங்கம் வைத்தவர்களை வழக்கிலிருந்து காப்பதற்காக எழுதப்பட்டது. அதன் உயிர்நிலை 17, 18ஆம் பிரிவுகள். சங்கத்தின் நியாயமான நோக்கங்களுக்காக உறுப்பினர்கள் செய்துகொள்ளும் உடன்பாட்டைக் குற்றச்சதி என்று தண்டிக்க முடியாது என்றது 17. தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற ஒரே காரணத்தால் சங்கத்தின் மீதோ பொறுப்பாளர் மீதோ உரிமையியல் வழக்கு நிற்காது என்றது 18. வாடியா மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுக்குச் சட்டம் எழுதிய மறுமொழி இது. 13ஆம் பிரிவோ சங்கத்துக்குச் சட்டப்படி ஓர் ஆள்தன்மை தந்தது: தன் பெயரில் சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்காடலாம். தலைவர் மாறலாம், மறையலாம்; சங்கம் நிற்கும்.

இந்தக் கவசம் யாருக்குக் கிடைக்கும் என்பதில் நீதிமன்றங்கள் கண்டிப்பு காட்டியதுண்டு. ஆளுநர் மாளிகை ஊழியர்கள் சங்கம் பதியக் கேட்டார்கள். அவர்கள் செய்வது ஆளுநருக்கான பணிவிடையே, தொழிலோ வணிகமோ ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1960களின் தொடக்கத்தில் மறுத்துவிட்டது. அகமதாபாத்தில் 1972இல் நடந்தது இதற்கு மறுபக்கம். தெருவில் விற்போர், சுமை தூக்குவோர், வீட்டிலிருந்தே தைப்போர் என்று சுயதொழில் செய்யும் பெண்களைத் திரட்டிய இலா பட், ‘சேவா’ அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதியக் கேட்டார். முதலாளியே இல்லாத இடத்தில் சங்கம் எப்படி என்று அதிகாரிகள் தயங்கினார்கள். ஆனால் தொழிற்சங்கம் என்பதற்குச் சட்டம் தந்த விளக்கம் முதலாளி–தொழிலாளி உறவோடு நிற்கவில்லை. தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவையும் அது சொன்னது. ‘சேவா’ பதிவு பெற்றது. ஒரே சட்டம், இரண்டு வாசிப்புகள்.

இனி நடைமுறை. பதிவு கேட்டு விண்ணப்பிக்க ஏழு கையொப்பங்கள் போதும். ஏழு பேரும் தத்தம் பெயர், தொழில், முகவரி தர வேண்டும். பொறுப்பாளர் பட்டியலையும் சங்க விதிகளையும் இணைக்க வேண்டும். 1926இல் ஏழு பேரோடு முடிந்த கணக்கில் 2001ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு படி சேர்த்தது: அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ உள்ள தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர், இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். எப்படியும் ஏழுக்குக் குறையக் கூடாது.

விதிகள் என்பவை பதிவாளருக்காக நிரப்பும் வெற்றுக் காகிதம் என்று பலரும் எண்ணுவதுண்டு. சங்கத்தின் பெயர், நோக்கம், உறுப்பினர் சேரும் வழி, சந்தா, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை, நிதியைப் பாதுகாக்கும் முறை, ஆண்டுத் தணிக்கை, உறுப்பினர் கணக்கைப் பார்வையிடும் உரிமை, சங்கத்தைக் கலைக்கும் முறை என ஒவ்வொன்றும் அதில் இருந்தாக வேண்டும். பின்னாளில் சங்கம் இரண்டாக உடைந்து நீதிமன்றம் போகும்போது, எந்தத் தரப்பு உண்மையான சங்கம் என்பதைத் தீர்ப்பது இந்தத் தாள்களே. 2001 திருத்தம் சாதாரணத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சந்தாவை ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று வைத்தது. அமைப்புசாராத் தொழிலாளருக்கு மூன்று, கிராமப்புறத் தொழிலாளருக்கு ஒன்று. தொகை அற்பம்தான். ஆனாலும் அதற்கு எழுதும் ரசீதுதான் உறுப்பினர் எண்ணிக்கைக்குச் சான்று. தேர்தல் செலவு போன்றவற்றுக்குத் தனி அரசியல் நிதி வேண்டும். அதில் பணம் போடாத உறுப்பினரை ஒதுக்கக் கூடாது.

பொறுப்பாளர் யார் என்ற கேள்வியில் வாடியாவின் நிழல் விழுகிறது. அவர் ஆலைத் தொழிலாளி அல்லர். நிர்வாகத்தின் பார்வையில் ‘வெளியாள்’. வேலைக்குப் பயப்படத் தேவையில்லாத வெளியாள்தான் அன்று வாயிலில் நின்று பேச முடிந்தது. 1926 சட்டம் இதை உணர்ந்து, பொறுப்பாளரில் பாதிப்பேர் வரை வெளியார் இருக்க இடம் கொடுத்தது. 2001இல் அது மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐவர், எது குறைவோ அது என்று சுருங்கியது. அமைப்புசாராத் தொழிலில் பழைய பாதிக் கணக்கே தொடர்ந்தது.

இந்த உரிமையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19(1)(இ) பிரிவு தருகிறது. அந்த உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1961இல் வங்கி ஊழியர் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தை ஒட்டிய ரங்கராஜன் வழக்கில் 2003இல் இன்னும் கடுமையாகச் சொன்னது. பதிவு தரும் காப்பும் வன்முறைக்கும் அத்துமீறலுக்கும் பொருந்தாது.

இவை எல்லாம் இருந்தும் சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று பல பத்தாண்டுகள் கிடந்தது. பதிவு பெற்ற சங்கத்தோடு நிர்வாகம் பேசியே ஆக வேண்டும் என்று 1926 சட்டம் சொல்லவில்லை. 1947இல் அதற்கொரு திருத்தம் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவே இல்லை. மகாராட்டிரம் 1971இல் தனக்கெனச் சட்டம் செய்துகொண்டது. மற்றப் பல இடங்களில் அங்கீகாரம் என்பது வாயிற்கூட்டத்தின் வலுவைப் பொறுத்ததாகவே இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு இந்த இடத்தில் விதி எழுதியது: தொழிலாளரில் 51 விழுக்காடு ஆதரவுள்ள சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கம், அப்படி ஒன்றும் இல்லையேல், 20 விழுக்காடாவது ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் தொகுப்பு 1926 சட்டத்தை நீக்கியது. எனினும் ஏழு பேர் கணக்கையும் பழைய காப்புகளையும் தன்னுள் எடுத்துக்கொண்டது. கூடவே, எல்லாத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பையும் கட்டாயமாக்கியது. ஒரு கையால் நாற்காலி போட்டு, மறு கையால் கடிகாரத்தை மேசைமேல் வைத்தது.

ஆக, தொழிலாளி ஏற வேண்டிய படிகள் மூன்று: சேர்தல், பதிதல், பேச அமர்தல். சேர்தல் அரசமைப்பு தந்தது. பதிதல் சட்டம் தந்தது. பேச அமர்தல் எண்ணிக்கை தருவது. இம்மூன்றையும் ஒன்றென எண்ணிப் பதிவுச் சான்றிதழ் வந்த அன்றே வெற்றி விழாக் கொண்டாடுவோரும், அது வரும்வரை நமக்கு உரிமையே இல்லை என்று அஞ்சுவோரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர் சங்கம் இன்னும் பதிவு பெறவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சங்கப் பெயரில் வைக்கலாமா என்பதே வழக்காக இருந்தது. பதிவு 2025 சனவரியில்தான் வந்தது. பெரம்பூரில் 1918இல் கூடியவர்களிடமும் சான்றிதழ் இல்லை. இரண்டு இடத்திலும் முதலில் வந்தது கூட்டம். காகிதம் பிறகுதான் வந்தது. ஆனால் காகிதம் இல்லாமல் போனதால் பெரம்பூர் தன் தலைவரை இழந்தது. விண்ணப்பத்தில் ஏழாவதாகக் கையெழுத்திடுபவர் அதை நினைத்துக்கொண்டு இடட்டும்.