திரைவாசிப்பானுக்கு யார் காசு கொடுப்பது?

பார்வையற்ற ஒருவர் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கணும்னா திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள் வேணும். ஜாஸ் 1989-லேயே டாஸுக்கு வந்துவிட்டது. விண்டோஸ் காலத்தில் அதன் விலை சுமார் ஆயிரம் டாலர். நம்மூர் குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுமா?

2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏவை எழுத ஆரம்பித்தார். அது இலவசம், ஈஸ்பீக் குரலில் தமிழும் படிக்கும். ஆனால் ஸ்கேனர், பிரெய்ல் டிஸ்ப்ளே எல்லாம் இன்னமும் காசுதான்.

1981-ல் தொடங்கிய மத்திய அரசின் அடிப் திட்டம் உபகரணம் தரும். ஆனா வருமான வரம்பு உண்டு. வேலை கிடைத்து, சம்பளம் வரம்பைத் தாண்டினால் கதவு மூடிக்கொள்ளும். வேலைக்குத்தானே கருவியே தேவை!

ஆக, பொறுப்பு வேலை கொடுப்பவரிடம் வருகிறது. 31-3-2014 தேதியிட்ட மத்தியப் பணியாளர் துறைக் குறிப்பாணை, துறைகளே கருவியை வாங்கித் தரணும் அல்லது செலவைத் திருப்பித் தரணும் என்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20-வது பிரிவும் பணியிடத்தில் தகுந்த வசதி செய்யச் சொல்கிறது, ஆனால் அரசு நிறுவனங்களை மட்டும். பிரிட்டனில் 1994 முதல் 'ஆக்சஸ் டு வொர்க்' திட்டம் தனியார் ஊழியருக்கும் பணம் தருகிறது.

புதுக்கோட்டை தபால் நிலைய ஊழியர் 2014 குறிப்பாணையைக் காட்டிக் கேட்கலாம். கீழராஜ வீதியில் தனியார் ஆபீஸில் சேர்பவர் எதைக் காட்டுவார்?