புதுப்பாளையம் குடிசையும் 340 அறை மாளிகையும்

பிரபலங்களின் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? வாரப் பத்திரிகையில் நடிகர் வீட்டு ஹால், சோபா, மீன் தொட்டி எல்லாம் கலர் படமாக வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவோம். சரி, நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துப் பெரிய மனிதர்கள் வீட்டுக்குள் என்ன இருந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் ராஜாஜியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நம்ம மாவட்டத்துக்காரர்களில் இத்தனை விதமான கூரைகளின் கீழ் படுத்து எழுந்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிறந்தது 1878 டிசம்பர் 10-ல், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில். இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். அப்போது சேலம் ஜில்லா. (1965-ல் தர்மபுரி பிரிந்தது, அதிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. 1997-ல் சேலத்திலிருந்து நாமக்கல் தனியானது. பழைய சேலம் ஜில்லா எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள்!) அந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். அளவில் சின்ன வீடுதான்.

அந்தக் காலத்துக் கிராம வீட்டில் அலங்காரம் என்று தனியாக ஒன்று கிடையாது. வாசலில் கோலம், திண்ணை, உள்ளே கூடம், வெளிச்சத்துக்கு முற்றம், பின்னால் கொல்லை. சுவரில் மாடம், மாடத்தில் விளக்கு. படுக்கப் பாய், பகலில் அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டால் அதே இடம் சாப்பிடும் அறை. ஒரே கூடம் நேரத்துக்கு ஒரு வேலை செய்யும். நாம் இப்போது 'மல்டி பர்ப்பஸ்' என்று காசு கொடுத்து வாங்குவதை அவர்கள் ஒரு கோரைப்பாயில் முடித்துவிட்டார்கள்.

படித்து முடித்து 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார். தொழில் நன்றாகவே நடந்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். 1919-ல் சென்னைக்கு ஜாகை மாற்றி, இந்து பத்திரிகை ஆசிரியர் கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தமான கதீட்ரல் சாலை பங்களாவில் குடியேறினார். அந்த வருடம் மார்ச்சில் காந்தி வந்து தங்கியது அங்கேதான். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைத்து உபவாசம் இருக்கலாம் என்ற யோசனை, விடிகாலை அரைத்தூக்கத்தில் அந்த வீட்டில்தான் தனக்கு வந்தது என்று காந்தி தன் சுயசரிதையில் சொல்கிறார். அந்த பங்களா இன்று இல்லை. அதே இடத்தில் நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது.

அடுத்த வருடமே வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் வேலூர் சிறை. அங்கே டைரி எழுதினார்.

இனிமேல்தான் நாமக்கல் மாவட்டம் வருகிறது. 1925 பிப்ரவரி 6-ம் தேதி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பமானது. நிலத்தைக் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். மனைவி ஏற்கெனவே காலமாகிவிட்டார். ராஜாஜி பிள்ளைகளோடு வந்து ஒரு குடிசையில் குடியேறினார். சென்னையில் பங்களாவில் இருந்தவர், மழை பொய்க்கும் ஒரு வறண்ட பூமிக்கு, மின்சாரம் இல்லாத இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். சுற்றுப்பட்டு ஊர்களில் பஞ்சு கொடுத்து நூல் வாங்கி கதர் நெய்ய வைப்பது, கள்ளுக்கடைக்கு எதிராகப் பேசுவது, தீண்டாமையை ஒழிப்பது, இதுதான் வேலை.

இந்தக் குடிசையை 'எளிமை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. நம் ஊர் வீட்டில் ஒவ்வொரு வாசற்படிக்கும் ஒரு அர்த்தம் இருந்தது. திண்ணை வரை யார் வரலாம், கூடம் வரை யார், அடுக்களை வரை யார் என்று வீடு கட்டும்போதே ஜாதியையும் சேர்த்துக் கட்டினார்கள். எத்தனை அழகான தூண் இருந்தாலும் அந்தத் தூணைத் தாண்டக் கூடாதவர் ஒருவர் வெளியில் நின்றுகொண்டிருந்தார். ஆசிரமத்திலோ பிராமணரும் தலித்தும் சேர்ந்து வாழ்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் அதற்கு எதிர்ப்பும் இருந்தது. அந்தக் குடிசைகளில் நாற்காலி இருந்ததா இல்லையா என்பதைவிட, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் வாசற்படி இல்லை என்பதுதான் பெரிய உள் அலங்காரம் என்பேன்.

1929-ல் இங்கிருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை வந்தது. ராஜாஜி ஆசிரியர், உதவி செய்தவர் கல்கி. ஆமாம், பின்னால் பொன்னியின் செல்வன் எழுதி சோழர் அரண்மனைகளை நம் கண்முன் காட்டிய அதே கல்கிதான். அரண்மனைகளைக் கற்பனை செய்யும் முன் அவர் குடியிருந்தது திருச்செங்கோட்டுப் பொட்டல் ஆசிரமம்!

இதே மாதிரி இன்னொரு குடிசை வார்தா பக்கம் சேவாகிராமத்தில் இருக்கிறது. 1936-ல் காந்தி அங்கே போனபோது, உள்ளூரில் கிடைக்கும் பொருளை வைத்து நூறு ரூபாய்க்குள் குடிசை கட்ட வேண்டும் என்று மீராபென்னிடம் சொன்னாராம். அவரும் மண்ணும் மூங்கிலும் வைத்துக் கட்டினார். ஆனால் சுவரைச் சும்மா விடவில்லை. மண்ணாலேயே பனைமரமும் ராட்டையும் புடைப்பாகச் செய்து வைத்தார். இன்றும் பார்க்கலாம். நூறு ரூபாய் வீட்டிலும் கண்ணுக்கு ஏதாவது அழகாக வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

இப்போது கதை அப்படியே தலைகீழாகிறது. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். ஆன கையோடு அக்டோபர் 1-ம் தேதி முதல் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். 1947 ஆகஸ்ட் 15-ல் மேற்கு வங்க கவர்னர். கல்கத்தா கவர்னர் மாளிகை 1803-ல் வெல்லெஸ்லி கட்டி முடித்தது. இங்கிலாந்தில் உள்ள கெடில்ஸ்டன் ஹால் என்ற பிரபு வீட்டை மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது. சுதந்திர தினத்தன்று கல்கத்தா ஜனங்கள் கும்பலாக அந்த மாளிகைக்குள் புகுந்து சுற்றிப் பார்த்தார்கள். 144 வருடம் வெளியிலிருந்தே பார்த்தவர்களுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றாதா?

அப்புறம் 1948 ஜூன் 21-ல் டெல்லி. மௌண்ட்பேட்டனுக்குப் பிறகு கவர்னர் ஜெனரல், அந்தப் பதவிக்கு வந்த ஒரே இந்தியர். தங்க வேண்டிய வீடு இன்றைய ராஷ்டிரபதி பவன். லுட்யன்ஸ் கட்டியது, 340 அறைகள், சுமார் 70 கோடி செங்கல். தர்பார் ஹாலில் 33 மீட்டர் உயரத்திலிருந்து தொங்கும் இரண்டு டன் சரவிளக்கு. அசோகா ஹால் கூரையில் பாரசீக மன்னர் வேட்டையாடும் ஓவியம். கட்டடத்தோடு லுட்யன்ஸ் நிறுத்தவில்லை, மேஜை நாற்காலிகளையும் வடிவமைத்தார். குழந்தைகள் அறைக்கு அவர் செய்த விளக்கில் கோழிகள் நிற்கும், உடைந்த முட்டையிலிருந்து மஞ்சள் கரு சொட்டும், அந்த மஞ்சள் கருதான் பல்பு! சாம்ராஜ்யத்தின் மாளிகையில் எனக்குப் பிடித்த ஒரே சாமான் அதுதான்.

புதுப்பாளையம் குடிசையிலிருந்து வந்த மனிதர் இங்கே என்ன செய்தார்? வைஸ்ராய்கள் படுத்த பெரிய அறைகள் தனக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டு, மாளிகையின் வேறொரு பகுதியில் சிறிய அறைகளுக்குப் போய்விட்டார். பின்னால் வந்த ஜனாதிபதிகளும் அந்தப் பகுதியிலேயே குடியிருக்கத் தொடங்கினார்கள். வைஸ்ராய் அறைகள் வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் தங்கும் விருந்தினர் பகுதி ஆயின. அதாவது இந்திய ஜனாதிபதி எங்கே தூங்குகிறார் என்பதைத் தீர்மானித்தது ஒரு சேலம் வக்கீல்! உணவுப் பஞ்ச காலம் என்பதால் தோட்டத்தில் ஒரு பகுதியை உழுது பயிரும் வைத்தார். சரவிளக்கைக் கழற்றவில்லை, ஓவியத்தை அழிக்கவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் தான் எங்கே இருப்பது என்பதை மட்டும் மாற்றினார். இது நாடகம் என்று சொல்பவர்களும் உண்டு. ராஜாஜியின் அரசியலில் எனக்குப் பிடிக்காதவை நிறைய இருக்கின்றன, குலக்கல்வி விவகாரம் ஒன்றே போதும். ஆனால் இருபது வருடத்துக்கு முன் யாரும் பார்க்காத பொட்டலில் வாழ்ந்து காட்டியவரை நாடகக்காரர் என்று சொல்ல மனசு வரவில்லை.

நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையை விட்டுவிட முடியாது. 1888-ல் மோகனூரில் பிறந்தவர், அப்பா போலீஸ்காரர். 1930 வேதாரண்ய உப்பு யாத்திரைக்குப் பாட்டு எழுதியவர், 'மலைக்கள்ளன்' எழுதியவர் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கெல்லாம் முன்னால் அவர் ஓவியர். வசதியான வீட்டுக் கூடங்களில் ரவிவர்மா அச்சுப் படங்களும் குடும்பத்துப் பெரியவர்களின் உருவப்படங்களும் வரிசையாக மாட்டியிருந்த காலம் அது. ரவிவர்மாவின் அச்சகம் 1894-ல் தொடங்கியபின் லட்சுமியும் சரஸ்வதியும் எல்லா வீட்டுச் சுவருக்கும் வந்துவிட்டார்கள். தாத்தா படம் மட்டும் அச்சில் வராதே! அதற்கு இவரைப் போன்ற ஓவியர்தான் வேண்டும்.

அவர் வாழ்ந்த நாமக்கல் வீடும் இப்போது நினைவு இல்லம், நூலகமாக இருக்கிறது. புத்தகம் இருப்பது சந்தோஷம்தான். ஆனால் நினைவு இல்லம் என்றாலே நம் ஊரில் சுவர் முழுக்கப் பிரேம் போட்ட போட்டோக்கள், நடுவில் ஒரு மார்பளவுச் சிலை. அவர் எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வரைந்தார், தூரிகையை எதில் கழுவினார், அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது என்று யாரும் காட்டுவதில்லை. பாயும் பலகையும் மண்ணெண்ணெய் விளக்கும் பெரிய விலை இல்லை, அதனால்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை. லுட்யன்ஸின் கோழி விளக்கு பத்திரமாக வரலாற்றில் ஏறிவிட்டது. அடுத்த முறை திருச்செங்கோடு பக்கம் போனால் மலைக்கோயிலோடு திரும்பிவிடாமல் புதுப்பாளையம் ஆசிரமத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் தாத்தா பாட்டி அந்தக் காலத்து ஆசிரமத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் என்றால், என்ன சாமான் எங்கே இருந்தது என்று கேட்டு எழுதுங்கள்.